முதல் வரி மட்டும்

"மைன்?" என்று கேட்டான் கணவன்.

"ஃபன் மெய்," என்றாள் மனைவி.

"டச்சுல 'என்னுடையது'ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இப்படியே வரணும். இன்னொரு தடவை!"

அது நாற்பதாவது தடவை. நோட்டின் இடப்பக்கம் என்னுடையது, உன்னுடையது, அவனுடையது, அவளுடையது என்பதற்கான ஆங்கில வார்த்தைகள் வரிசையாக இருந்தன. வலப்பக்கம் முதல் வரிக்கு மட்டும்தான் டச்சு எழுதியிருந்தான்.

"மத்ததெல்லாம் என்னங்க?"

"உனக்கு இந்த ஒண்ணு போதும். ஏர்போர்ட்ல பெட்டி யாரோடதுன்னு கேப்பாங்க. அவங்க பாஷையிலயே சொன்னா மரியாதையா விட்டுடுவாங்க."

இரண்டு நாள் கழித்து, அந்நிய நாட்டு விமான நிலையத்தின் சோதனை அறையில், கறுப்புப் பெட்டி மேசைமேல் ஏறியது. அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியின் உள்துணியைக் கத்தியால் கிழித்தார். வெள்ளைப் பொட்டலங்கள் சரிந்து விழுந்தன.

பெட்டியைச் சுட்டிக்காட்டி, டச்சில் ஏதோ கேட்டார்.

நான்கடி தள்ளி, யாரோ எவரோ என்பதுபோல் நின்றிருந்த கணவன் உதட்டை மட்டும் அசைத்தான்: ஃபன் மெய்.

அவள் கையை அவன் பக்கம் நீட்டினாள்.

"ஃபன் ஹெம்."

இரண்டு காவலர்கள் அவன் தோளைப் பிடித்தார்கள்.

"அடிப்பாவி! 'அவனுடையது'ன்னா சொல்றே? அதை நான் உனக்குச் சொல்லியே தரலையே!"

"துணி அடுக்க எடுத்தப்பவே காலிப் பெட்டி கல்லா கனத்துச்சுங்க. அன்னிக்கே மூணாவது வரியைப் போன்ல பாத்து நானே நிரப்பிட்டேன்."