ஐந்து நிமிடம்

பயிற்சி வகுப்பில் நாற்பது ஆங்கில ஆசிரியர்கள். "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்லயே பேசுங்க" என்கிறார் பயிற்சியாளர். அதுவரை சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்த அறையில் இப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. புதிய கையேடுகளின் வழுவழுப்பான அட்டைகளில் சன்னல் வெயில் பளபளக்கிறது. கடைசி வரிசை டீச்சர், பேச வேண்டியதை முதலில் நோட்டில் எழுதிப் பார்க்கிறார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுக்கிறது. ஒரு சொல்லைச் சுழிக்கிறது, அடுத்ததை அடிக்கிறது, கடைசியில் முழு வரியுமே சிவப்பாகிவிடுகிறது. நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிறது. பக்கத்து டீச்சர் எட்டிப் பார்க்கிறார். "என்ன கேக்க வந்தீங்க?" இவர் நோட்டை மூடுகிறார். "ஆஸ்பத்திரில உங்கம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னுதான்."