பத்தொன்பது ஆணி

'டங்' என்று ஒரு சத்தம். பொறி பறந்தது. மரம் அரியும் மெசின் வாளின் சங்கிலி அறுந்து தாவூதின் காலடி மண்ணில் விழுந்தது.

"யா அல்லாஹ்!" நசீறா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தாள். "கால் இருக்கா?"

"கால் இருக்கு. வாள்தான் போச்சு."

வேப்பங்குற்றியின் வயிற்றுக்குள் விரல் நீளத்தில் ஓர் ஆணி. சுற்றிவர மரம் மை ஊறினதுபோல் கறுத்திருந்தது. அதற்கு வெளியே இன்னொன்று. அதற்கும் வெளியே இன்னொன்று.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்ன அன்று, வாசல் படலையடியில் நின்ற அந்த வேம்பு தொடைப் பருமன்தான். புத்தளத்து முகாமில் இருபது வருஷத்தைக் கழித்துவிட்டுத் தாராபுரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், கட்டிப்பிடிக்கக் கை எட்டவில்லை. வீடு இல்லை, கிணறு தூர்ந்து போச்சு. ஆனால் சுற்றியிருந்த காணிகளில் யார் யாரோ குடியிருக்க, இவன் வளவை மட்டும் ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

"அல்லாஹ்ட ரஹ்மத்" என்று தாவூது தொழுகைக்குத் தொழுகை நன்றி சொன்னான்.

புதுவீட்டு அத்திவாரத்துக்கு வேம்பு இடைஞ்சல். தறிக்கத்தான் வேண்டும். தாவூதோ தச்சன்.

"விறகுக்குக் குடுக்க மாட்டன். நானே அரிஞ்சு, காயவைச்சு, உனக்கொரு அலுமாரி செய்து தாறன். வேம்புக்குப் பூச்சியும் வராது" என்றான் நசீறாவிடம்.

இருபது வருஷமாக அவளுடைய உடுப்பெல்லாம் உரப்பைக்குள்தான். அவள் மரத்தைப் போய்த் தடவிப் பார்த்தாள்.

குற்றி வெடிக்காமல் இருக்க, வெட்டின முகத்தில் பெயின்ற் பூச வேண்டும். அடுத்த வளவுச் சந்தியோகு, வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ற் பேணியைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

"பிடி தம்பி. வேறை ஒரு வேலைக்கெண்டு எப்பவும் கொஞ்சம் வைச்சிருப்பன். இனி அந்த வேலை இல்லை."

அந்தச் சந்தியோகுதான் இப்போது கடலால் வந்து, கையில் மீன் கோர்வையோடு வேலியடியில் நின்றார்.

"அண்ணை, இந்த மரத்தில ஆணி அடிச்சது ஆர்?"

சந்தியோகு குற்றியை எட்டிப் பார்த்தார். "நான்தான் தம்பி."

"வலை தொங்கப் போடவோ?"

சந்தியோகு மீன் கோர்வையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஆள் இல்லாத வளவுதானே, கேக்க ஆர் இருக்கினம் எண்டு நினைச்சியள், என்ன?"

"மரம் உள்ளுக்கு இழுத்ததை நான் யோசிக்கேல்லை தம்பி. என்ர பிழைதான்." மீனை நசீறாவிடம் நீட்டினார்.

"மீன் வேண்டாம்" என்றான் தாவூது. "கொண்டு போகச் சொல்லு."

அடுத்த நாள் சந்தியோகு குறடும் கையுமாக வந்தார். "இஞ்சை ஒண்டு இருக்கும், பாத்து அரி" என்று இடம் காட்டினார். அரிய அரியப் பிடுங்கிப் பேணிக்குள் போட்டார். தாவூது தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

நசீறா எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது.

"வலை கட்டுற மனுஷன் எல்லாத்தையும் ஏன் ஒரே உயரத்தில அடிச்சவர்?"

"அதை அவரிட்டயே போய்க் கேள்."

பலகைகளைத் தகரக் கொட்டிலுக்குள், இடையிடையே சட்டம் வைத்து, மேலே பாரக் கல் ஏற்றி அடுக்கினான். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் காய வேண்டும். ஒரு வாடைக்காற்றும் ஒரு சோளகக்காற்றும் அந்த அடுக்குக்குள்ளால் போய் வந்தன. வேலிக்கு மேலால் ஒரு வார்த்தை போகவுமில்லை, வரவுமில்லை.

"பலகை காஞ்சு போச்சு" என்றாள் நசீறா. "உங்கட கோவம்தான் இன்னும் பச்சையாக் கிடக்கு."

அவன் கேட்காதவன்போல் சீவுளியை எடுத்தான். நல்ல பலகைகள் முன்பக்கத்துக்கு. ஆணிக்கறைப் பலகைகள், சுவரோடு மறையும் பின்பக்கத்துக்கு.

கறைப் பலகை ஒன்றைச் சீவும்போது சீவுளி மறுபடி 'கிரீச்' என்றது.

"இன்னும் விட்டு வைச்சிருக்கிறாரோ!"

உளியால் நெம்பினான். வந்தது ஆணியல்ல. பிஸ்கற் பேணியை வெட்டின தகரத் துண்டு, உள்ளங்கை அகலம். மரம் பட்டையால் மூடி அப்படியே விழுங்கியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். நீலம் தெரிந்தது. அதே வள்ளத்து நீலம். பிறகு எழுத்துத் தெரிந்தது.

தாவூது தகரத்தை நீட்டினான். நசீறா வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"தாவூது வளவு. ஆள் வருவார்."

இருவரும் ஆணிப் பேணியைப் பார்த்தார்கள்.

"காணி பிடிக்க வந்தவங்கள் தகரத்தைப் பிடுங்கப் பிடுங்க..." நசீறா பேணிக்குள் கிடந்த ஆணிகளைக் கிளறினாள். "இந்த மனுஷன் திரும்பத் திரும்ப எழுதி அடிச்சிருக்கிறார்."

இனி அந்த வேலை இல்லை என்று பெயின்ற் தந்தபோது சந்தியோகு சொன்னது, ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் தாவூதின் காதில் விழுந்தது.

அவன் கறைப் பலகையைத் தூக்கினான். பின்பக்க அடுக்கிலிருந்து எடுத்து, முன்கதவுப் பலகைகளுக்கு நடுவில் வைத்தான். பிறகு வேலியடிக்குப் போனான். சந்தியோகு அந்தப் பக்கம் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தாவூது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை..." என்றான். "இண்டைக்கு மீன் இருக்கோ?"