நாய்களோடு ஒரு படம்

டோர்வல் விமான நிலையத்தில் றெனோல்டுடன் பெட்டி ஏற்றுகிற லூக், 2003இல் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் அவனைத் தன் தகப்பனாரின் பண்ணைக்குக் கூட்டிப்போனான்.

சோளத்தோட்டத்து ஓரத்தில் வெறும் தகரப்பேணிகளை அடுக்கி இருவரும் துவக்கால் மாறி மாறிச் சுட்டார்கள். ஒவ்வொரு பேணி விழும்போதும் பண்ணை நாய்கள் இரண்டும் குரைத்துக் கொண்டாடின. றெனோல்ட் வயிறு நோகச் சிரித்தான்.

"அப்படியே நில்!" என்று லூக் கமராவைத் தூக்கினான். றெனோல்டின் தோளில் துவக்கு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாய்.

றெனோல்டின் ஊரான மன்னாரில் அப்போது சமாதான காலம். படத்தை அம்மாவுக்கு அனுப்பினான்.

"வெளிநாடு போய் நீ சிரிச்ச ஒரே படம், மகன். பிறேம் போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில மாட்டியிருக்கிறன்" என்று அம்மா ரெலிபோனில் அழுதா.

ஐந்து வருடம் கழித்து, சண்டை திரும்பவும் மூண்டிருந்தபோது, தங்கை லக்சனா அழைத்தாள்.

"அண்ணை, நேற்று ஆமி வீட்டைச் செக் பண்ண வந்தது. உங்கட படத்தைக் கழட்டித் தம்பி டனிஸ்ரனின்ர முகத்தோட வைச்சுப் பாத்தாங்கள். துவக்கோட நிக்கிற இயக்கக்காரன் இவன்தான் எண்டு அவனைப் பிடிச்சுக்கொண்டு போயிற்றாங்கள்."

"அது விளையாட்டுக்குச் சுட்டதெண்டு சொல்லேல்லையோ?"

"அம்மா காலில விழுந்து சொன்னவ. ஆர் கேக்கிறது?"

"ரெண்டு பக்கமும் நாய் நிக்குதே, லக்சனா! இயக்கப் பெடியன் நாயளோட நிண்டு பல்லைக் காட்டிப் படம் எடுப்பானோ? அதையாவது காட்டியிருக்கலாமே?"



"படத்தில நாய் இல்லை, அண்ணை. திருஇருதய ஆண்டவருக்குப் பக்கத்தில நாய் நிக்கக் கூடாதெண்டு, அம்மா அண்டைக்கே வெட்டி எறிஞ்சுபோட்டா."