எத்ரோக்கின் மொட்டு

செலிக் பெட்டியைத் திறந்தபோது எத்ரோக்கின் நுனியில் மொட்டைக் காணோம்.

எலுமிச்சைக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் அந்தப் பழத்தை, யூதர்களின் சுக்கோத் பண்டிகை வாரத்தில் சணல் நாரில் பொதிந்து ஜெப ஆலயத்துக்கு எடுத்துப் போய்வந்தான். நுனியிலிருக்கும் பட்டாணி அளவு மொட்டு உடைந்தால் பழம் வழிபாட்டுக்கு ஆகாது. அவன் நடந்த நடையைப் பார்த்து ஜெருசலேமில் அந்தத் தெருவே சிரித்தது.

இன்று காலையோடு வழிபாடு முடிந்தது. ஆனால் மொட்டுக்கு இனிமேல்தான் வேலை. பிள்ளை உண்டானவள் அதைக் கடித்துத் துப்பினால் சுகப்பிரசவம் என்பார்கள்.

செலிக்குக்கும் ஹென்யாவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம். பிள்ளையில்லை. தெருவிலேயே நல்ல பழம் அவர்களுடையது என்பதால் வருடா வருடம் எவளாவது ஒரு கர்ப்பிணி வந்து கேட்பாள். ஹென்யா சிரித்த முகமாக நீட்டி, "பெஷாஆ தோவா" என்பாள். நல்ல வேளையில் ஆகட்டும் என்று பொருள். வயிற்றுப் பிள்ளைக்கு அதைத்தான் சொல்ல வேண்டும். "மஸல் தோவ்" என்ற வாழ்த்தெல்லாம் பிறந்த பிறகு.

வந்தவள் போனதும் ஹென்யா அன்று முழுக்க வாய் திறக்கமாட்டாள். செலிக்குக்கு அதுதான் தாங்காது.

இந்த வருடம் எதிர்வீட்டு ப்ளூமாவின் முறை. ஏழு மாத வயிற்றோடு படியேறி வந்து மூச்சு வாங்கினாள்.

"எங்கேண்ணே, எனக்குன்னு சொன்ன மொட்டு?"

"இப்பதாம்மா இருந்துச்சு! மேஜைமேல வச்சுட்டுக் கை கழுவப் போனேன்." அவனுக்கு மானம் போனது. "ஹென்யா! இதை யாரு தொட்டது?"

ஹென்யா அடுக்களை வாசலில் நின்றாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. இந்த வருடம் அழுகையே வந்துவிட்டதா என்று பதறினான். போயும் போயும் ஒரு மொட்டுக்காகக் கத்தினோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

ப்ளூமா ஹென்யாவைப் பார்த்தாள். பழத்தைப் பார்த்தாள். மறுபடி ஹென்யாவைப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டாள்.

ஹென்யா கையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதே ப்ளூமா, நேத்துதான் எனக்கே தெரியும். ஐயோ, என்ன கசப்பு!"