பிரிக்காத விசிறிகள்

மஸ்கட்டிலிருந்து அக்கா வந்து சேர மாலை ஆகிவிடும். அதற்குள், தம்பி கிஷோரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. அதை ஆற்றும் விசிறி எரிந்துபோயிருந்தது. "வேற பெட்டி வர்ற வரைக்கும் பாடி தாங்காதுங்க," என்றார் பெட்டிக்காரர். காலையிலிருந்து எல்லோர் வாயிலும் பாடிதான். திவாகர் விறுவிறுவென்று உள்ளே போனான். விளையாட உட்கார்ந்தாலே கொதிக்கும் கம்ப்யூட்டருக்காகத் தம்பி வாங்கிய கூடுதல் விசிறிகள் பிரிக்காமலே கிடந்தன. "மாட்டிக் குடுண்ணா" என்று கெஞ்சியபோதெல்லாம் "அப்புறம் பாக்கலாம் போடா" என்று விரட்டியிருந்தான். கம்ப்யூட்டரை ஸ்பீக்கரோடு அப்படியே கூடத்துக்கு அள்ளிவந்து, விசிறிகளின் வயரை அதில் செருகி, மோட்டாருக்கு நேராக வைத்துக் கட்டினான். பட்டனை அழுத்தியதும் அவை சிவப்பும் நீலமுமாகச் சுழன்றன. சற்று நேரத்தில் பெட்டி மறுபடி உறுமியது. அழுகைகூட ஒரு கணம் ஓய்ந்தது. அந்த அமைதியில், தானாகத் திறந்துகொண்ட ஆன்லைன் விளையாட்டிலிருந்து கூட்டாளி ஒருவனின் குரல் கேட்டது: "டேய் கிஷோரு, வந்துட்டியா! எங்கடா போயிட்ட?" ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கப் போன திவாகரின் கையை, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா இறுகப் பற்றிக்கொண்டாள். "விடுடா," என்றாள். "இன்னொரு தடவ அவன் பேரச் சொல்லட்டும்."