சாந்தி தேவிக்குப் பித்தப்பையில் கல்

மணி அடித்ததும் மானசா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில் படுத்திருந்தவள் உண்மையான நோயாளி இல்லை. நர்சிங் கல்லூரித் தேர்வுக்காக நோயாளியாக நடிக்க வந்தவள். மணிக்கட்டில் கட்டியிருந்த சீட்டில் 'சாந்தி தேவி, வயது 48' என்று இருந்தது.

நோயாளியிடம் பேசத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வு அது. பத்து நிமிடம். பன்னிரண்டு கேள்விகள். மூலையில் ட்யூட்டர் மேடம் மதிப்பெண் தாளுடன் உட்கார்ந்திருந்தார்.

போன முறை மானசா தோற்றது இதில்தான். 'கேள்வி கேட்கிறாள், பதிலைக் கேட்பதில்லை' என்று தாளில் எழுதியிருந்தார்கள். இந்த முறையும் தோற்றால் கிடைத்திருந்த வேலை கைநழுவிவிடும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹிந்தியில் வணக்கம் சொல்லி, என்ன செய்கிறது என்று கேட்டாள்.

பித்தப்பையில் கல். சாப்பிட்டால் விலாவுக்குக் கீழே பிடுங்கி எடுக்கிறது. ஆபரேஷன் என்றால் பயம். காலையிலிருந்து பத்துப் பேரிடம் சொன்னதை அந்தப் பெண் பதினோராவது தடவையாகச் சொன்னாள்.

ஜனவரிக் குளிர். போர்வைக்கு வெளியே அவள் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கேட்டுக்கொண்டே மானசா போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

"இருக்கட்டும் கண்ணு."

அந்தப் பெண்ணை அறியாமல் வாயில் தமிழ் வந்துவிட்டது.

மானசா நிமிர்ந்து பார்த்தாள். அவள் தலைநகரில், லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் நோயாளியின் மொழி தெரிந்தால் அதில் பேசலாம் என்று விதி இருந்தது. தெரிந்த தமிழை வைத்துக் கேட்டாள்.

"வேற ஏதாவது உங்களுக்கு… பரேஷானி… கஷ்டம் இருக்கா? யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கறது?"

இல்லை என்று தலையாட்டத் தொடங்கிய பெண் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள்.

அடுத்த கேள்வி மானசாவின் நாக்கு நுனியில் இருந்தது. இன்னும் மூன்று பாக்கி. ட்யூட்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

மானசா வாயைத் திறக்கவில்லை.

அரை நிமிடம் போனது. அப்புறம் இன்னொரு அரை நிமிடம்.

"மார்ல ஒரு கட்டி இருக்கு. புளியங்கொட்டை அளவு. தீபாவளிக்கு எண்ணெ தேச்சுக் குளிக்கையில கையில தட்டுப்பட்டுது. வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன். வலிக்கல, விட்டுட்டேன்."

மானசாவுக்கு மனசுக்குள் துள்ளியது. நடிப்பவர்களுக்கு எழுதித் தரும் நோயாளிக் கதைகளில் எப்போதும் ஒரு விஷயத்தை ஒளித்து வைத்திருப்பார்கள் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். கண்டுபிடித்துவிட்டாள்!

சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல், எந்தப் பக்கம், பெரிதாகி வருகிறதா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் இடிந்து போய்விடுவார் என்றாள் அந்தப் பெண். டாக்டரிடம் காட்டிவிடலாம், நானும் கூட வருகிறேன் என்று மானசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மணி அடித்தது.

மானசா எழுந்து நின்று ட்யூட்டரிடம் ஹிந்தியில் ஒப்பித்தாள். பித்தப்பையில் கல். ஆபரேஷன் பயம். இடது மார்பில் மூன்று மாதமாக ஒரு கட்டி. இந்த வாரமே பரிசோதிக்க வேண்டும்.

ட்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். நோயாளிக் கதை அச்சடித்த தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

கட்டியைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லையே என்றார்.

இருவரும் கட்டிலின் பக்கம் திரும்பினார்கள்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் செல்லம்மாள். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகத் திரிலோக்புரியில் இருப்பவள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ நெசமாவே கேட்ட கண்ணு," என்றாள். "பொய் சொல்ல வாய் வரல."

ட்யூட்டர் வெளியே போய், காத்திருந்த மாணவிகளிடம் தேர்வு ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது என்றார். பிறகு மூவருமாக எதிர்க் கட்டடத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். மானசா செல்லம்மாளின் கையை விடவில்லை.

அங்கிருந்த பெண் டாக்டர் தொட்டுப் பார்த்தார். மறுநாளே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். என்னவாக இருந்தாலும் இப்போது சின்னதுதான், எடுத்துவிடலாம், நல்லவேளை வந்தீர்கள் என்றார்.

வெளியே வந்து செல்லம்மாள் முதல் காரியமாக வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கு போன் போட்டாள். நாளைக்கு ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லு, என்னோட ஆஸ்பத்திரிக்கு வரணும் என்றாள்.

மானசா கேட்காமல் விட்ட மூன்று கேள்விகளுக்கும் ட்யூட்டர் பூஜ்யம்தான் போட்டார். கீழே 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

செல்லம்மாளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. இன்னும் ஒன்பது பிள்ளைகள் பாக்கி இருக்கிறார்களே என்று கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது மாணவி உள்ளே வந்து, என்ன செய்கிறது என்று கேட்டாள். செல்லம்மாள் விலாவைப் பிடித்துக்கொண்டு, காலையில் முனகியதைவிட நன்றாகவே முனகினாள்.