கேட்க ஓர் ஆள்

பாப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த ஹேஜின், இன்றைக்குக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

பிள்ளைப்பாக்கத்தில் பாப்பம்மாள் வீட்டு மாடி அறைக்கு அவள் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. தென்கொரியாவில் நாற்பது பேர் கூடும் ஒரு சின்னச் சபை, ஒரு வருட ஊழியத்துக்கென்று அவளை அனுப்பிவைத்திருந்தது. பகலில், ஒரகடத்தில் போதகர் ஜெபகுமார் நடத்தும் மையத்தில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள்.

பனி பெய்யும் ஊரில் பிறந்தவளைச் சித்திரை வெயில் பாடாய்ப் படுத்திவிட்டது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டியது. எப்போதாவது குளிர்ந்த தண்ணீர் வருமென்று அரை மணி நேரம் காத்திருந்ததில் தொட்டி காலியானதுதான் மிச்சம். அண்ணாந்து தண்ணீர் குடிக்கப் போய்ப் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாள். அது சுகமாக இருக்கவே, அப்புறம் வேண்டுமென்றே ஊற்றிக்கொண்டாள்.

அதையெல்லாம்விடப் பெரிய கஷ்டம் பேச்சுத்துணை இல்லாததுதான். எட்டு மாதம் விழுந்து விழுந்து தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். ஆனால் மையத்தில் பிள்ளைகளும் போதகரும் அவளிடம் இங்கிலீஷிலேயே பேசினார்கள். ஊர்க்காரர்களின் பேச்சிலோ நிமிடத்துக்கு ஒரு 'கீது' வந்தது. அவள் படித்த புத்தகத்தில் அப்படியொரு சொல்லே கிடையாது.

ஐந்தாவது வாரம், கரண்ட் போன ஒரு மத்தியானத்தில் பெட்டியைக் கட்டிவிட்டாள். திரும்பி வந்துவிடுகிறேன் என்று சபைத் தலைவருக்குச் செய்தியும் தட்டிவிட்டாள். அனுப்புவதுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் பாப்பம்மாள் துணி எடுக்க மாடிக்கு வந்தாள். ஹேஜினின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் துணியை மறந்து, கீழே போய் ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்து, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

ஹேஜின் பேச ஆரம்பித்தாள். தன் ஊர், அங்கே பெய்யும் பனி, கடவுள் தன்னை இங்கே அழைத்ததாகத் தான் நம்புவது எல்லாவற்றையும் படித்த தமிழில் கோத்துக் கோத்துச் சொன்னாள். பாப்பம்மாள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “ஆமா கண்ணு, ஆமா” என்று தலையாட்டினாள்.

அதற்கப்புறம் பாப்பம்மாள் ஒருநாளும் தவறவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஆறு மணிக்கெல்லாம் மாடியில் இருப்பாள். ஒருநாள் தலைவலி தாங்காமல் மருந்துக்கடை எங்கே இருக்கிறது என்று ஹேஜின் கேட்டாள். பாப்பம்மாள் “ஆமா கண்ணு” என்று சொல்லிவிட்டுக் கீழே போய், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்த் துண்டுகளைத் தட்டு நிறையக் கொண்டுவந்தாள். இந்த ஊர்க் கைவைத்தியம் போலிருக்கிறது என்று ஹேஜின் ஒன்று விடாமல் தின்று தீர்த்தாள்.

பெட்டியை அவிழ்த்தாள். 'ஒருவர் கேட்கிறார்' என்று சபைக்கு எழுதினாள். அங்கே நாற்பது பேரும் வாயில் நுழையாத பாப்பம்மாளின் பேரைச் சொல்லி வாராவாரம் ஜெபித்தார்கள். அவர் எப்போது ஆராதனைக்கு வருவார் என்று தலைவர் போன வாரம் விசாரித்திருந்தார்.

இன்று, தன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைச் சொல்லும்போது ஹேஜின் அழுதுவிட்டாள். பாப்பம்மாளும் அழுதாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“அம்மா, ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆலயத்துக்கு வருவீர்களா?”

“ஆமா கண்ணு, ஆமா.”

ஹேஜின் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டாள். அதற்கும் ஆமா என்றுதான் பதில் வந்தது. பஸ்ஸில் போகலாமா, ஷேர் ஆட்டோவா என்று கேட்டதற்கும் அதேதான்.

பதிலுக்காக அவள் காத்து நிற்பதைப் பார்த்துப் பாப்பம்மாள் முழித்தாள். பிறகு கீழே எட்டிப் பார்த்து மகனைக் கூப்பிட்டாள். வசந்தகுமார் ஒரு கொரியக் கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை செய்பவன். இத்தனை நாளும் இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் சாயங்காலத்தில் வீட்டில் இருந்ததில்லை. இந்த வாரம்தான் முதல் ஷிஃப்டுக்கு மாறியிருந்தான்.

“டேய், நீ கொரியாக்காரங்களோடதானே வேலை செய்ற? இந்தப் பொண்ணு இன்னாமோ கேக்குது. இன்னான்னு கேட்டுச் சொல்லு.”

மூன்று மாதத்தில் 'கீது' பழகிப்போயிருந்த ஹேஜினின் காதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

“ரெண்டு மாசமா குந்திகினு கேட்டுகினு கீறேன், ஒரு வார்த்தை புரியல” என்று பாப்பம்மாள் தொடர்ந்தாள். “பாவம், பேச ஆளில்லாம தவிக்குது. வாய்விட்டுப் பேசினா மனசு ஆறும்னுதான் வர்றேன். அது அழுதா எனக்கும் அழுகை வந்துடுது.”

வசந்தகுமார் ஹேஜினைப் பார்த்தான். அவள் தன் கேள்வியை இன்னொரு முறை, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவன் புருவத்தைச் சுருக்கினான். காதைக் கிட்டே கொண்டுவந்து, மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் அம்மா பக்கம் திரும்பினான்.

“அது தமிழ்லதாம்மா பேசுது.”

ஹேஜினுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. சபையின் நாற்பது முகங்களும் கண்முன்னே வந்து நின்றன. அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

பாப்பம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, காலை இன்னும் வசதியாக மடக்கி உட்கார்ந்தாள்.

“தமிழா? அப்போ மொதல்லேர்ந்து சொல்லு கண்ணு.”